30 வயதில் பந்தைக் கீழே வைத்த சாண்டி கோஃபாக்ஸ்: அவசரப்பட்டாரா?

#1 · வைகைக்கரை

கிரிக்கெட் பகுதியில் வேகப்பந்து வீச்சாளர்களின் காயங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் ஒரு பேஸ்பால் பிட்சரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தனி இழையாகவே எழுதுங்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். பத்து வருடமாக இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1966 நவம்பர் 18. பெவர்லி வில்ஷயர் ஓட்டலில் நிருபர்களைக் கூப்பிட்டு, இனி ஆடப்போவதில்லை என்று சாண்டி கோஃபாக்ஸ் சொன்னார். வயது 30. அந்த ஆண்டில் 27 வெற்றி, 9 தோல்வி, 317 ஸ்ட்ரைக்அவுட். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒரு ஓட்டுகூடப் பிசகாமல் அவருக்கே வந்திருந்தது. அப்படிப்பட்டவர் ஏன் நிறுத்தினார்? இடது முழங்கை. மூட்டில் வாதம் முற்றிவிட்டது. ஆட்டம் முடிந்த பிறகும் வாழ வேண்டிய வருடங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை முழு உடம்போடு வாழ ஆசைப்படுகிறேன் என்பதுதான் அன்று அவர் சொன்னதன் சாரம்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

1935 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் அவர் பெயரெடுத்தது கூடைப்பந்தில். கல்லூரி என்று சின்சினாட்டிக்குப் போனதும் கூடைப்பந்தும் கட்டடக்கலையும் மனதில் இருந்ததால்தான். பேஸ்பால் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. டாட்ஜர்ஸ் அணிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அல் கம்பானிஸ், தன் வாழ்நாளில் கைமயிர் சிலிர்த்தது இரண்டே தடவை என்பார். ஒன்று சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தைப் பார்த்தபோது. இன்னொன்று இந்தப் பையனின் ஃபாஸ்ட்பாலைப் பார்த்தபோது.

1954 டிசம்பரில் ஒப்பந்தம். சம்பளம் 6,000 டாலர், கையெழுத்துப் பணம் 14,000 டாலர். வினையே இந்தக் கையெழுத்துப் பணத்தில்தான் இருந்தது. 4,000 டாலருக்கு மேல் வாங்கிய புது ஆளை இரண்டு வருடம் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அப்போது ஒரு விதி. சின்ன லீக்குகளில் ஆடவிட்டுப் பழக்கி எடுக்க முடியாது. அதனால் 19 வயதுப் பையன் பெரியவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். 1955இல் ஆடியது 12 ஆட்டம். அவருக்கு இடம் கொடுக்கக் கீழே அனுப்பப்பட்டவர் டாமி லசோர்டா, பின்னாளில் அதே அணிக்கு இருபது வருடம் மேலாளராக இருந்தவர். அந்த 1955இல்தான் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸ், அதாவது ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரை ஜெயித்தது. கோஃபாக்ஸ் அதில் ஒரு பந்துகூடப் போடவில்லை. ஊரே கொண்டாடிக்கொண்டிருக்க, கடைசி ஆட்டம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வகுப்புக்குப் போனார்.

முதல் ஆறு வருடத்தில் 36 வெற்றி, 40 தோல்வி. வேகத்துக்குக் குறைவில்லை, பந்து எங்கே போகும் என்பதுதான் அவருக்கே தெரியாது. ஒருநாள் 18 பேரைத் திணறடிப்பார், அடுத்த வாரம் மூன்று இன்னிங்ஸ்கூடத் தாங்க மாட்டார். தொடர்ந்து வாய்ப்பும் கிடைக்கவில்லை. 1960 முடிந்ததும் கையுறையையும் ஷூவையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொண்ட நோப் கவானோ அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தினார். அடுத்த வசந்தத்தில் கோஃபாக்ஸ் திரும்பி வந்தபோது இரண்டும் காத்திருந்தன. அந்த மனிதரை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது குறையாகவே படும்.

அடுத்தது 1961 வசந்தகாலப் பயிற்சி. ஆர்லாண்டோவில் ஒரு சாதாரணப் பயிற்சி ஆட்டம். வழக்கம்போல வரிசையாக ஆட்களைச் சும்மா நடக்கவிட்டார். பந்தைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெரி எழுந்து போய், இவ்வளவு பலத்தையும் போட்டு ஏன் எறிகிறாய், கொஞ்சம் குறைத்துக்கொண்டு எறிந்து பார் என்றார். குறைத்தார். அன்று 7 இன்னிங்ஸ், ஒரு ஹிட்கூட இல்லை. பலத்தைக் குறைத்தபோது பந்து வேகம் இழக்கவில்லை, நினைத்த இடத்துக்குப் போகத் தொடங்கியது. அந்த ஆண்டு 18 வெற்றி, 269 ஸ்ட்ரைக்அவுட். 1903லிருந்து நின்ற நேஷனல் லீக் சாதனை உடைந்தது.

1962 முதல் 1966 வரை ஐந்து வருடமும் லீக்கிலேயே குறைந்த ஓட்டச் சராசரி அவருடையது. நான்கு நோ-ஹிட்டர், வருடத்துக்கு ஒன்றாக 1962, 63, 64, 65இல். கடைசியானது பெர்ஃபெக்ட் கேம், 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட்.

என் கட்சி இதுதான்: 1961இல் பலத்தைக் குறைக்கக் கற்றவர்தான் 1966இல் நிறுத்தவும் தெரிந்திருந்தார். இரண்டையும் ஒரே அறிவாகப் பார்க்கிறேன். அவசரப்பட்டார் என்பவர்கள் எழுதுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

#2 · சுழற்பந்து

அருமை அண்ணா. ஆனால் எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஸ்ட்ரைக்அவுட், நோ-ஹிட்டர், ஓட்டச் சராசரி எல்லாம் பாதிதான் புரிகிறது. அப்புறம், எறிவதால் தோள் போகும் என்று நினைத்திருந்தேன். முழங்கை எப்படிப் போகிறது?

#3 · வைகைக்கரை

நல்லது தம்பி, கேட்டதே சரி.

பிட்சர் ஒரு மண்மேட்டின் மேல் நின்று 18.44 மீட்டர் தூரத்தில் உள்ள பேட்டருக்கு எறிகிறார். பந்து தரையில் படாது. நல்ல பந்தை அடிக்கத் தவறினால் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஆள் அவுட், அதுதான் ஸ்ட்ரைக்அவுட். அடிக்கத்தக்க எல்லைக்கு (ஸ்ட்ரைக் எல்லை) வெளியே நான்கு பந்து போட்டுவிட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போவார், பேஸ் என்பது ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று. ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க ஒருவரைக்கூட ஒழுங்கான ஹிட் அடிக்க விடாவிட்டால் நோ-ஹிட்டர். ஒருவரையும் எந்த வழியிலும் பேஸுக்கு அனுப்பாவிட்டால் பெர்ஃபெக்ட் கேம். ஓட்டச் சராசரி என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு அந்தப் பிட்சர் எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்ற கணக்கு. 3 என்றால் நல்லவர். கோஃபாக்ஸ் 1963இல் 1.88, 1964இல் 1.74, 1966இல் 1.73.

முழங்கை விஷயத்துக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. முரளிதரனைச் சுற்றி எவ்வளவு சண்டை நடந்தது என்று உனக்கே தெரியும். பேஸ்பாலில் நேர் எதிர். மடங்கிய முழங்கை சாட்டை மாதிரி நிமிர வேண்டும், வேகமே அங்கிருந்துதான் பிறக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கிறது, வெளிப்பக்கம் எலும்போடு எலும்பு மோதுகிறது. கோஃபாக்ஸின் கர்வ்பால் மேலிருந்து விழுகிற பந்து, அதற்கு மணிக்கட்டும் முழங்கையும் இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும். 1965இல் அவர் எறிந்தது 335 இன்னிங்ஸுக்கும் மேல். இன்றைய முன்னணிப் பிட்சர்கள் 200 தொட்டாலே பெரிய விஷயம்.

#4 · பழையஏடு

வைகைக்கரை ஐயாவின் ஈடுபாட்டை மதிக்கிறேன். ஆனாலும் மறுதரப்பை வைக்காமல் இருக்க முடியாது.

மொத்த வெற்றி 165. இடதுகைப் பிட்சர்களில் வாரன் ஸ்பான் 363 வெற்றி எடுத்தவர், அதில் பாதிகூட இல்லை. பன்னிரண்டு வருடத்தில் ஆறு வருடம் தடுமாற்றம், ஒரு வருடம் நல்லது, ஐந்து வருடம் பிரமாதம். அந்த ஐந்து வருடமும் எங்கே ஆடினார்? 1962இல் திறந்த டாட்ஜர் மைதானத்தில். பிட்சருக்கென்றே கட்டியது போன்ற இடம். அங்கே அவருடைய சராசரி 1.37. அதோடு 1963இல் ஸ்ட்ரைக் எல்லையைப் பெரிதாக்கினார்கள், மேடும் உயரமாக இருந்தது. பிட்சர்களின் கை ஓங்கிவிட்டது என்று 1969இல் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10க்குக் குறைத்தார்கள். எல்லாச் சாதகமும் சேர்ந்த காலத்தில் ஆடி, அது முடிவதற்குள் விலகியவரை எல்லாருக்கும் மேலே வைப்பது நியாயமா?

நின்று ஆடுவதும் ஒரு திறமைதான். வேகம் போன பிறகும் தந்திரத்தால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு அவர் தன்னை உட்படுத்தவே இல்லை.

#5 · வைகைக்கரை

1.37 உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் சொந்த மைதானத்தை விட்டு வெளியே வருவோம். 1963 வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம், யாங்கி ஸ்டேடியம், எதிரே யாங்கீஸ்: 15 ஸ்ட்ரைக்அவுட், அன்றைக்கு அது சாதனை. நான்கு ஆட்டத்திலேயே தொடரை முடித்துவிட்டார்கள். அவர் எப்படி 25 ஆட்டம் ஜெயித்தார் என்று புரிகிறது, எப்படி 5 ஆட்டம் தோற்றார் என்பதுதான் புரியவில்லை என்று யாங்கீஸின் யோகி பெர்ரா சொன்னது அப்போதுதான். 1962 ஏப்ரலில் சிகாகோவில் 18 ஸ்ட்ரைக்அவுட். 1965 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம் மினசோட்டாவில். 1966இல் லீக் பட்டத்தை உறுதிசெய்த கடைசி நாள் ஆட்டம் பிலடெல்பியாவில், இரண்டே நாள் ஓய்வில்.

அந்தத் தடுமாறிய வருடங்களின் மைதானத்தையும் கணக்கில் எடுங்கள். 1958இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது பேஸ்பால் மைதானமே இல்லை. ஓட்டப்பந்தயத்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கட்டிய கொலிசியத்தில் ஆடினார்கள். இடது எல்லை 250 அடிதான், அதை மறைக்க உயரமாக வலை கட்டியிருந்தார்கள். சாதாரணமாகத் தூக்கிவிட்ட பந்தெல்லாம் ஹோம் ரன் ஆகும்.

"நின்று ஆடுவதும் திறமை" என்ற வரி மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. அதற்கு இப்போதே பதில் சொல்லத் தெரியவில்லை.

#6 · நடுநிசிவாசகி

எண்களை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியவில்லை, நானும் இதைப் பல வருடமாகப் படிப்பவள். யாரும் இன்னும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

1965 வேர்ல்ட் சீரிஸ், டாட்ஜர்ஸுக்கும் மினசோட்டா ட்வின்ஸுக்கும். முதல் ஆட்டம் அக்டோபர் 6. அன்று யோம் கிப்பூர், யூதர்களுக்கு ஆண்டிலேயே மிகப் புனிதமான நோன்பு நாள். அணியின் முதல் பிட்சர் கோஃபாக்ஸ், அன்று ஆட மாட்டேன் என்றார். அதை அவர் ஒரு பிரகடனமாகச் செய்யவில்லை. முந்தைய வருடங்களிலும் அந்த நாளில் எறிந்ததில்லை, அப்போது யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய ஆசாரக் குடும்பமும் இல்லை. 1934இல் டெட்ராய்ட்டின் ஹாங்க் கிரீன்பெர்க் இப்படி ஒதுங்கியிருந்தார். ஆனால் வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம் என்பது நாடே பார்க்கும் ஆட்டம்.

அவருக்குப் பதில் எறிந்த டான் டிரைஸ்டேல் 8க்கு 2 என்று தோற்றார். மறுநாள் கோஃபாக்ஸும் தோற்றார். அப்போது என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர் பதில் பேசவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் 7க்கு 0. தொடர் ஏழாவது ஆட்டத்துக்குப் போனது. டிரைஸ்டேலுக்கு மூன்று நாள் ஓய்வு, கோஃபாக்ஸுக்கு இரண்டே நாள். மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் கோஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று கர்வ்பால் விழவே இல்லை. கை ஒத்துழைக்கவில்லை. கேட்சர் ஜான் ரோஸ்போரோவும் அவரும் சேர்ந்து கர்வ்பாலை ஓரங்கட்டிவிட்டு ஃபாஸ்ட்பாலையே நம்பினார்கள். என்ன வரப்போகிறது என்று எதிரணிக்கும் தெரியும். இருந்தும் மூன்றே ஹிட், 10 ஸ்ட்ரைக்அவுட், 2க்கு 0. ஒன்பதாவது இன்னிங்ஸில் எதிரணியின் கில்லிப்ரூ பேஸில் நிற்க, கடைசியாக பாப் அலிசன் பேட்டை வீசித் தவறினார். ஆட்டம் முடிந்து கோஃபாக்ஸ் துள்ளிக் குதிக்கவில்லை, களைத்துப்போன ஒரு மனிதர் நிற்பதைத்தான் பதிவில் பார்ப்பீர்கள்.

வைகைக்கரை அண்ணா சொல்லும் "நிறுத்தத் தெரிந்தவர்" என்பதற்கு இந்த அக்டோபர் 6ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#7 · தோள்பட்டை

பெயரைப் பார்த்தாலே என் கதை புரிந்திருக்கும். மாவட்ட அளவில் வேகப்பந்து போட்டவன். பத்தொன்பது வயதில் தோள் வலி. இறுதிப் போட்டி இருக்கிறது, ஊசி போட்டுக்கொண்டு ஆடு என்று பயிற்சியாளர் சொன்னார், ஆடினேன். ஜெயித்தோம். அந்தக் கையால் இன்றைக்கும் மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியாது. அதனால் இந்த இழையை ஒரு வரி விடாமல் படித்தேன். கோஃபாக்ஸ் என்ன மருந்து எடுத்தார், எப்படி அந்தக் கையோடு ஆடினார் என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

#8 · வைகைக்கரை

படித்ததும் மனது கனத்துவிட்டது நண்பரே. தெரிந்ததைச் சொல்கிறேன்.

1962இல் முதல் எச்சரிக்கை. உள்ளங்கையில் ஒரு ரத்தக்குழாய் நசுங்கி, ஆள்காட்டி விரல் மரத்துப்போனது. ஜூலையிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஆடவில்லை. 1964 ஆகஸ்டில் மில்வாக்கியில் இரண்டாவது பேஸுக்குத் திரும்பிப் பாய்ந்தபோது கை தரையில் அடிபட்டது. அதற்குப் பிறகும் ஜெயித்தார். 19ஆவது வெற்றிக்கு மறுநாள் காலை கையை நிமிர்த்த முடியவில்லை. டாக்டர் ராபர்ட் கெர்லன் பார்த்துவிட்டு மூட்டு வாதம் என்றார். 1965 வசந்தத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு மறுநாள் எழுந்து பார்த்தால் கை முழுக்க உள்ளே ரத்தம் கசிந்து கன்றிப்போயிருந்தது. இப்படியே போனால் கையின் பயன்பாட்டையே இழக்க நேரும் என்று கெர்லன் எச்சரித்தார். அந்த வருடம்தான் 26 வெற்றி, 382 ஸ்ட்ரைக்அவுட்.

எப்படி? வலிக்குக் கோடீன் கலந்த மாத்திரை. வீக்கத்துக்கு பியூட்டசோலிடின், பந்தயக் குதிரைகளுக்குக் கொடுக்கும் மருந்து. ரத்த அணுக்களைப் பாதிக்கிறது என்று பின்னாளில் மனிதர்களுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். மூட்டுக்குள்ளேயே கார்டிசோன் ஊசி. ஆட்டத்துக்கு முன் கேப்சோலின் என்ற களிம்பு. அது மிளகாய்ச் சாரத்தில் செய்தது, மற்றவர்கள் ஒரு பொட்டுக்கு மேல் தாங்காததை அவர் தோளிலும் முதுகிலும் அப்பிக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் முழங்கை. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே பயிற்சியாக எறிவதையும் விட்டுவிட்டார்.

விலகிய அன்று அவரே சொன்னார், ஊசியும் மாத்திரையும் அளவு மீறிவிட்டன, ஆட்டத்தில் பாதி நேரம் கிறக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது என்று. இடது கை முழுதாக நீளாமல் போனதால் கோட்டின் கைப்பகுதியைத் தையற்காரரிடம் கொடுத்துக் குட்டையாக்கிக்கொண்டாராம்.

பழையஏடு ஐயா, நேற்று பதில் தெரியவில்லை என்றேனே, இப்போது சொல்கிறேன். நின்று ஆடும் சோதனைக்கு அவர் உட்படவில்லை என்பது சரியில்லை. 1965உம் 66உம்தான் அந்தச் சோதனை. இரண்டு வருடத்தில் 53 வெற்றி.

#9 · கணக்கப்பிள்ளை

பணத்தைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லையே. அதையும் பதிவு செய்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரர் அணிக்குச் சொந்தம். ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு அணிக்குப் போக முடியாது. சம்பளம் பேச ஆள் வைத்துக்கொண்டால் நிர்வாகம் பேசவே மறுக்கும். கோஃபாக்ஸிடம் டிரைஸ்டேல் இவ்வளவு கேட்கிறார் என்பார்கள், டிரைஸ்டேலிடம் கோஃபாக்ஸ் இவ்வளவுக்குச் சம்மதித்துவிட்டார் என்பார்கள். இருவரும் ஒருநாள் இரவு உணவில் இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். 1966இல் இருவரும் சேர்ந்தே பேரம் பேசினார்கள், வழக்கறிஞரை வைத்துக்கொண்டு. மூன்று வருடத்துக்கு இருவருக்குமாக 10 லட்சம் டாலர், சமமாக. பயிற்சிக்கும் போகவில்லை. 32 நாள் நீடித்தது. கடைசியில் கோஃபாக்ஸுக்கு 125,000, டிரைஸ்டேலுக்கு 110,000, ஒரே வருடத்துக்கு.

கேட்டது கிடைக்கவில்லை என்றாலும் நேற்று வரை நடக்காத ஒன்று நடந்துவிட்டது. அதே 1966இல் மார்வின் மில்லர் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமையேற்றார். 1975இல் ஆன்டி மெசர்ஸ்மித் வழக்கில்தான் அந்தக் கட்டு முழுதாக உடைந்தது. அவரும் டாட்ஜர்ஸ் பிட்சர்தான். 125,000 டாலரைக் கையில் வாங்கிய அதே வருடம் போதும் என்று எழுந்து போனவர் என்ற கோணத்திலும் இவரைப் பாருங்கள். அன்றைய பேஸ்பாலில் மிக உயர்ந்த சம்பளங்களில் அதுவும் ஒன்று.

#10 · பழையஏடு

53 வெற்றி என்ற பதிலை ஏற்றுக்கொள்கிறேன். 1965ஐ நான் வெறும் எண்ணாகவே பார்த்து வந்திருக்கிறேன். தோள்பட்டை நண்பரின் பதிவும் என்னை உலுக்கியது.

ஸ்பானை இன்னும் மேலேதான் வைப்பேன், அது வேறு. ஆனால் ஒரு கேள்வி. டாமி ஜான் அறுவை சிகிச்சை என்கிறார்களே, அது பத்து வருடம் முன்பே வந்திருந்தால்?

#11 · வைகைக்கரை

அதை நினைக்காத நாள் இல்லை ஐயா.

கோஃபாக்ஸைப் பார்த்த கெர்லனும் ஃபிராங்க் ஜோப் என்ற இன்னொரு டாக்டரும் 1965இல் சேர்ந்து ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். 1974 ஜூலையில் டாட்ஜர்ஸின் இன்னொரு இடதுகைப் பிட்சர் டாமி ஜானுக்கு முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுந்தது. அதுவரை அதற்கு வைத்தியம் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜோப் அவருடைய வலது மணிக்கட்டிலிருந்து ஒரு நாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். செப்டம்பர் 25. நூறில் ஒரு பங்குதான் நம்பிக்கை என்று சொல்லியே செய்தார். ஜான் 1976இல் திரும்பி வந்தார், 1989இல் 46 வயது வரை எறிந்தார்.

அறுவைக்குப் பிறகு மட்டும் டாமி ஜான் எடுத்த வெற்றி 164. கோஃபாக்ஸின் மொத்த வாழ்க்கையும் 165.

ஆனால் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கோஃபாக்ஸுக்குச் சொல்லப்பட்ட நோய் மூட்டுவாதம். இதே அறுவை அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 1966இல் அவர் முன்னால் இருந்தது இன்னொரு ஊசி, இன்னொரு வருடம். அவ்வளவுதான்.

#12 · கடற்கரைநகரவாசி

லாஸ் ஏஞ்சலஸில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இத்தனை நாள் டாட்ஜர்ஸ் ஆட்டத்துக்கு நண்பர்கள் கூப்பிட்டால் சாப்பாட்டுக்குத்தான் போவேன். இந்த இழையைப் படித்துவிட்டுப் போன சனிக்கிழமை சீக்கிரமே போனேன். மைதானத்தின் முகப்பில் காலை உயர்த்தி எறியப் போகும் நிலையில் அவருடைய சிலை, 2022 ஜூனில் திறந்தது. பக்கத்திலேயே ஜாக்கி ராபின்சன் சிலை. இருவரும் 1955லும் 56லும் ஒரே அணியில் ஆடியவர்கள் என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. திறப்பு விழாவுக்குக் கோஃபாக்ஸ் 86 வயதில் வந்து பேசியிருக்கிறார், நன்றி சொல்லியே பேச்சை நிறைத்திருக்கிறார்.

ஆட்டத்தை விட்ட பிறகு என்ன செய்தார் என்று தேடிப் பார்த்தேன். என்பிசி தொலைக்காட்சியில் பத்து வருட ஒப்பந்தத்தில் வர்ணனைக்குப் போய், ஒத்துவரவில்லை என்று ஆறு வருடத்தில் விட்டுவிட்டார். 1972இல் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். அப்போது 36 வயது, அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் போனதில்லை. மெய்ன் மாநிலத்தில் ஒரு கிராமப்புற வீட்டில் சில காலம். 1979லிருந்து 1990 வரை டாட்ஜர்ஸின் சின்ன லீக் அணிகளில் பையன்களுக்கு எறியக் கற்றுக்கொடுத்திருக்கிறார். தனக்குக் கிடைக்காமல் போன அந்தச் சின்ன லீக்கில்!

பெர்ஃபெக்ட் கேமின் ஒன்பதாவது இன்னிங்ஸ் வர்ணனையைத் திரும்பும் வழியில் காரில் கேட்டேன். வின் ஸ்கல்லி நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார், இரவு மணி 9:46 வரை. எதிரணிப் பிட்சர் பாப் ஹெண்ட்லி அன்று கொடுத்தது ஒரே ஒரு ஹிட், இருந்தும் 1க்கு 0 என்று தோற்றார். அவருக்காகவும் வருத்தமாக இருந்தது.

#13 · நடுநிசிவாசகி

ஹெண்ட்லிக்காக வருத்தப்பட்ட முதல் ஆள் நீங்கள்தான் இந்த இழையில், நன்றி. ஐந்து நாள் கழித்து சிகாகோவில் அதே இருவரும் மீண்டும் மோதினார்கள். ஹெண்ட்லி 2க்கு 1 என்று ஜெயித்தார்.

#14 · தோள்பட்டை

எல்லாருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. வேகப்பந்து போடுகிறாள், என்னைவிட நன்றாகவே. காலையும் மாலையும் போடச் சொல்கிறார்கள். நேற்று மைதானத்துக்குப் போய், ஒரு நாளைக்கு ஆறு ஓவர், வாரத்தில் இரண்டு நாள் பந்தே தொடக் கூடாது என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மகளுக்கும் கோபம், வீடு வரும் வரை பேசவில்லை.

இரவு சாப்பிடும்போது கோஃபாக்ஸ் கதையைச் சொன்னேன். ஷெரி சொன்னது, குப்பைத்தொட்டி, ஐஸ் தொட்டி எல்லாம். மிளகாய்க் களிம்பு என்றதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நம்பவில்லை. அந்தப் பதிவைக் காட்டுங்கள் என்று கைபேசியை வாங்கிக்கொண்டு போனவள், இன்னும் திருப்பித் தரவில்லை. இதை மனைவியின் கைபேசியிலிருந்து எழுதுகிறேன்.